ஒரு நூல் மஞ்சள்

ஜூன் 20, வெள்ளி

கண் டாக்டர் இன்று சங்கரிக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறாள், தலைவலி எப்போது வருகிறது, கண் எப்போது எரிகிறது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து அடுத்த மாதம் கொண்டுவரச் சொன்னார். வெளியே வந்ததும் அவள், அதை எழுத இன்னும் கொஞ்சம் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமாக்கும் என்றாள். அதனால் நான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் முப்பத்தொரு வருஷம் பிரஸ்ஸில் அச்சான தாள்களைப் புரட்டி, நிறம் பிசகியதைக் கழித்துப் போட்டவள். பார்த்ததைப் பார்த்தபடி எழுத அது போதும்.

சங்கரி என் மகள் தங்கபுஷ்பத்தின் மகள். இருபத்தாறு வயது. தனுஷ்கோடி முதலாளியின் பிரஸ்ஸுக்கு வீட்டிலிருந்தே காலண்டர் படங்கள் செய்து கொடுக்கிறாள். எங்கள் சிவகாசியில் ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் ஆர்டர் எழுதுவார்கள். அதற்குள் பன்னிரண்டு சாமி படங்கள் முடிய வேண்டும். முழு ஆல்பத்தையும் முதலாளி இவள் ஒருத்தியிடம் நம்பிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. இது நன்றாக அமைந்தால் இனி வருஷா வருஷம் இவளுக்குத்தான். கண் மட்டும் ஒத்துழைக்க வேண்டும்.

இன்று பதினோரு மணி நேரம். நாலு மணிக்குத் தலைவலி. இரண்டு கண்ணும் சிவப்பு.

ஜூன் 22, ஞாயிறு

கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள் கண் சிமிட்ட மறந்துவிடுகிறார்கள், அதனால்தான் கண் காய்ந்து எரிகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எப்படி மறக்கும்? மூச்சு விட மறப்பார்களா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன்.

காலையில் சட்னி அரைத்தபடி என்னோடு பேசும்போது: ஒரு நிமிஷத்துக்குப் பதினேழு. கம்ப்யூட்டரில் முருகனுக்கு வேல் திருத்தும்போது: நாலு. மறுபடி எண்ணினேன். மூன்று.

பிறகு கண்ணாடி முன் நின்று என்னுடையதை எண்ணப் பார்த்தேன். எண்ண ஆரம்பித்தாலே அதிகமாகச் சிமிட்டுகிறேன். நம் கண்ணை நாமே எண்ண முடியாது போலிருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று மேஜையைச் சரி செய்தோம். மானிட்டரைப் பழைய நோட்டுக் கட்டு மூன்றின் மேல் ஏற்றி வைத்திருந்தாள். அண்ணாந்து பார்த்தால் இமை அகலமாகத் திறக்கும், சீக்கிரம் காயும். இரண்டு கட்டை எடுத்துவிட்டோம். இப்போது திரையின் மேல் விளிம்பு அவள் புருவத்துக்குச் சற்றுக் கீழே. கை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம். மேஜை விசிறி நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் காலுக்குத் திருப்பினேன். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் வெயில் திரையில் பளபளத்தது. மேஜையைப் பக்கவாட்டில் திருப்பினோம்.

வெளிச்சத்துக்கு அவள் ஒரு சோதனை காட்டினாள். வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். திரை டியூப்லைட் மாதிரி ஒளிர்ந்தால் வெளிச்சம் அதிகம். மங்கலாக அழுக்காகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் சரி. எவ்வளவு சுலபம். இது தெரிந்தும் இத்தனை நாள் செய்து பார்க்காமல் இந்தப் பெண் கண்ணைக் கெடுத்திருக்கிறாள்.

எட்டு மணி நேரம். தலைவலி ஆறு மணிக்குத்தான்.

ஜூன் 27, வெள்ளி

இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, இருபது அடி தூரத்தில் இருப்பதை, இருபது வினாடி பார்க்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன இன்னொரு வைத்தியம். இருபது அடி எதுவரை என்று தையல் டேப்பால் அளந்தேன். நாற்காலியிலிருந்து ஜன்னல் வரை ஏழடி. சந்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் குருவம்மாவின் மாடிக் கொடி சரியாக இருபத்திரண்டு. போனில் மணி அடித்ததும் சங்கரி கொடியில் காயும் துணியைப் பார்க்க வேண்டியது.

மத்தியானம் குருவம்மா சண்டைக்கு வந்துவிட்டாள்.

"ஏக்கா, உங்க பேத்திக்கு எங்க வீட்டுக் கொடியில என்ன வேலை? மணி அடிச்சா எட்டிப் பாக்கா, மணி அடிச்சா எட்டிப் பாக்கா."

வைத்தியம் என்று விளக்கிச் சொன்னேன். சிரித்துவிட்டு, அப்படியானால் நாளையிலிருந்து நல்ல சேலையாகப் பார்த்துக் காயப்போடுகிறேன் என்றாள். இன்றைக்கே அந்தப் பச்சைச் சேலை நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அது நீலமாம். குருவம்மாவுக்கு எப்போதும் துணி விஷயத்தில் தெளிவு கிடையாது.

எங்கள் வீட்டு பல்பும் சரியில்லை. இப்போது வருகிற பல்பெல்லாம் இப்படித்தான், மஞ்சளாக அழுகிறது. மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

புதிதாக ஒன்று தெரிந்துகொண்டேன். திரையின் மூலையில் அழுத்தினால் ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு கோடு வரும். அதில் ஒரு புள்ளி. அதை வலப்பக்கம் நகர்த்தினால் திரை மஞ்சளாகி, கண்ணுக்கு இதமாக இருக்குமாம். தங்கபுஷ்பத்தின் போனில் கூட அது இருக்கிறது. இவ்வளவு நல்ல வசதியை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று சங்கரியைக் கேட்டேன். நம்முடையது நிறம் பார்க்கிற வேலை, திரை மஞ்சளானால் நிறமெல்லாம் ஏமாற்றிவிடும், அதைத் தொடவே கூடாது என்றாள்.

அவள் குளிக்கப் போனபோது நகர்த்திப் பார்த்தேன். கால்வாசி தூரம். ஒரு மாற்றமும் இல்லை. வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்தும் பார்த்தேன். தாளும் திரையும் ஒன்றுபோலத்தான் இருந்தன. யாரோ வகுப்பில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பயப்படுகிறாள். நிறத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஆனாலும் முழுக்கத் திருப்பினால் கண்டுபிடித்துவிடுவாள். பழைய இடத்திலிருந்து ஒரே ஒரு நூல் அளவு தள்ளி வைத்தேன்.

டாக்டரிடம் நோட்டைக் காட்டும் முன் இந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

இன்னும் ஒரு நூல். அவளுக்குத் தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

மூன்று நூல் ஆகிவிட்டது. ஏழு மணி நேரம் உட்கார்ந்தாள், தலைவலி இல்லை. இந்த வாரம் திரை கண்ணை உறுத்தவே இல்லை, மேஜையைத் திருப்பியதால்தான் என்று தன் அம்மாவிடம் சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூலை 5, சனி

பாதிக் கோடு தாண்டிவிட்டது. கண் வெள்ளையாக இருக்கிறது பிள்ளைக்கு. நிமிஷத்துக்கு ஒன்பது சிமிட்டல். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, ஊசிகளும் முன்பு மாதிரி இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

மெஷினில் ஏற்றும் முன் அடித்துப் பார்க்கிற புரூஃப், முதல் ஆறு படங்களுக்கு வந்தது. புரூஃப் வந்தால் முதலில் நான் பார்ப்பது வழக்கம். முதலாளியே சங்கரிக்குப் போன் போட்டால், "அன்னபழம் அக்கா கண்ணு பட்டுச்சா?" என்றுதான் கேட்பார். நான் சரி என்றால் அவர் மறுபடி பார்ப்பதில்லை, நேரே மெஷினுக்குப் போய்விடும். அவருடைய அப்பா காலத்திலிருந்து என் கண்ணுக்கு இருக்கிற மரியாதை அது.

ஆறையும் ஜன்னலோரம் பரப்பி வைத்தேன். லட்சுமியின் முகம் நல்ல மஞ்சள் பூசிய முகமாக இருந்தது. சங்கரி எனக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். கொஞ்சம் நீலம் அடிக்கிற மாதிரி இருக்கிறதே என்றாள். திரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"உனக்குக் கண்ணு களைச்சிருக்கு தாயி. எனக்கு நல்லாத் தெரியுது, சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்படியா சொல்றீங்க?"

"முப்பத்தொரு வருஷமா சொல்றேன்."

சரி என்று போன் செய்துவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

ஆறு படமும் ஐந்நூறு ஐந்நூறு தாள் அடித்தாகிவிட்டது. முதலாளி காலையில் அதில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். நின்றபடியே பேசினார். காபி வேண்டாம் என்றுவிட்டார்.

"லட்சுமி முகத்தைப் பாரும்மா. ரெண்டு நாளு பனியில கெடந்த மாதிரி இருக்கு. இதைக் கொண்டுபோய் எந்தக் கடைக்காரன் சுவத்துல மாட்டுவான்?"

சங்கரி ஆஸ்பத்திரிக்குப் போவது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கண் சரியில்லாத பிள்ளையிடம் நிறத்தைக் கொடுத்தது தன் தப்பு என்றார். மற்ற ஆறு படத்தையும் வேறு ஆளிடம் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க பாக்கலையாக்கா?" என்று கேட்டார்.

அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

அவர் போன பின் சங்கரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் திரையில் அந்தப் புள்ளியைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

பிறகு அவள் வந்து லட்சுமி படத்தைத் திரையில் திறந்தாள். கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நேற்று வரைக்கும் திரையில் எனக்கு இந்த நீலம் தெரியவில்லையே, இன்றைக்குத் தெரிகிறதே, என் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தங்கபுஷ்பத்திடம் கேட்டு அழுதாள். இந்த வேலையே வேண்டாம், உன்னோடு நோட்டு பைண்டிங் வேலைக்கே வருகிறேன் என்கிறாள்.

ஜூலை 12, சனி

சாதம் குழைந்துவிட்டது. வேறொன்றும் எழுத இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

எல்லோரும் நீலம் என்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியவில்லை. இது என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தாயும் மகளும் பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போனதும் குருவம்மாவைக் கூப்பிட்டேன். திரையில் வெறும் வெள்ளையை வைத்துக்கொண்டேன். அவளை எதிரே உட்காரவைத்து, ஒன்றும் சொல்லாமல், புள்ளியைக் கடைசி வரைக்கும் நகர்த்தினேன்.

"எக்கா, இதென்ன மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிருச்சு?" என்றாள்.

திரும்ப இந்தக் கோடிக்குக் கொண்டுவந்தேன். இப்போது வெள்ளை என்றாள். நாலு முறை செய்தேன். அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு நகர்த்தி, திறக்கச் சொல்லியும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள். கடைசியில் அவளை நகர்த்தச் சொல்லி, நான் கண்ணை மூடித் திறந்தேன். என்னால் ஒரு முறை கூடச் சொல்ல முடியவில்லை.

அவளுடைய சேலை என்ன நிறம் என்று கேட்டேன். கத்திரிப்பூ நிறம் என்றாள். எனக்கு அது காப்பிப்பொடி.

குருவம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

குருவம்மா துணையோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சங்கரியைப் பார்த்த அதே டாக்டர். சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, விளக்கு வைத்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. நன்றாக முற்றியிருக்கிறது, எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே தெரிகிறது என்றேன்.

ஒரு டம்ளரில் கடும் டீ ஊற்றி அதன் வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி என்றார் டாக்டர். மெதுவாக, வருஷக் கணக்கில் நிறம் ஏறுவதால் நமக்கே தெரியாதாம். நீலம்தான் முதலில் மறையுமாம். அதனால்தான் ஏற்கனவே மஞ்சளாகப் பார்க்கிற கண்ணுக்குத் திரையில் மஞ்சள் ஏறியது தெரியவில்லை.

நான் கேட்ட கேள்விகளில் டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாக ஒன்று கேட்டேன். திரை மஞ்சளாக இருக்கும்போது ஒரு பெண் ஒரு படத்துக்கு நிறம் போட்டால் என்ன ஆகும்? மஞ்சள் கூடிவிட்டதாக நினைத்து அதை ஈடுகட்ட நீலத்தை ஏற்றுவாள் என்றார். அந்தப் பெண்ணின் கண்ணில் குறையா? குறை இல்லை, அவள் கண் அவள் முன்னால் இருந்ததைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன். ஆடி மாசத்திலா என்று குருவம்மா பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஜூலை 16, புதன்

சங்கரியிடம் சொல்லிவிட்டேன். அந்தப் புள்ளியைத் தினமும் ஒரு நூல் நகர்த்தியதை, வெள்ளிக்கிழமை திருப்பி வைத்ததை, என் கண்ணில் இருக்கிற புரையை, எல்லாவற்றையும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். நான் இரண்டு காதையும் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எனக்கு நீலம் தெரிஞ்சுது அம்மாச்சி. எங்கண்ணை நானே நம்பக் கூடாதுன்னு ஆக்கிட்டீங்க."

இரவு என்னோடு சாப்பிடவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். ஊரே கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பிரஸ்ஸுக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த முகங்கள் இன்னும் நாலைந்து இருக்கின்றன. அவர்கள் இல்லாத நேரமாகப் போயிருக்கலாம். அப்படிப் போகவில்லை. சங்கரியின் கண்ணைப் பற்றிய பேச்சும் அவர்கள் காதில் விழுந்துதானே இருக்கும்.

முதலாளி நாற்காலி போடச் சொன்னார். நான் நின்றேன்.

"அந்தப் பிள்ளைக்குக் கண்ணு நல்லாருக்கு முதலாளி. எனக்குத்தான் போச்சு" என்றேன்.

முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு முறை, எத்தனை வருஷமாக என்றார். டாக்டர் கேட்ட அதே கேள்வி. ஐந்தாறு வருஷம் இருக்கலாமாம் என்றேன். அத்தனை வருஷமும் நான் சரி சொல்லி அவர் அடித்த காலண்டர்களை மனசுக்குள் புரட்டுகிறார் என்று தெரிந்தது. படம் சரியாக இருந்தபோது நானும் சரி என்றிருக்கிறேன், அவ்வளவுதான். முதல் தடவையாகத் தப்பு வந்தபோது என் கண் அதைப் பிடிக்கவில்லை.

பின்னால் மெஷின் ஓட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரிக்கா. பன்னெண்டையும் அவளே செய்யட்டும். இருபத்தொம்பதாம் தேதி புரூஃப். அதுல ஒண்ணு பிசகினாலும் என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று வலது கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள்.

ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளை. வெள்ளை என்றால் நீலம் போட்டு அலசிய வேட்டி வெள்ளை. இடது கண்ணை மட்டும் திறந்தால் அதே சுவர் பழைய நியூஸ்பேப்பர். வலது, வேட்டி. இடது, பேப்பர். நர்ஸ் வந்து கண்ணைக் கொட்டிக் கொட்டி விளையாடக் கூடாது என்று சொல்லும்வரை செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பல்பைப் பார்த்தேன். நல்ல பல்புதான்.

ஜூலை 25, வெள்ளி

ஒரு நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து. சங்கரிதான் விடுகிறாள். நேற்று வரை மருந்தை விட்டுவிட்டுப் பேசாமல் போனாள்.

இன்று சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் முன் நின்று கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தேன். வலது கண்ணில், ராகு காலம் எமகண்டம் எல்லாம் தெரிகிறது. வெளிர் நீல எழுத்து. இடது கண்ணில் அந்த இடமே காலி. தினமும் காலையில் இதைக் கிழித்துப் பார்ப்பது யார்? என்னை மாதிரி ஆட்கள்தானே. நமக்கே தெரியாத எழுத்தில் நமக்கு நேரம் அச்சடித்திருக்கிறார்கள். நானும் இத்தனை நாள் தங்கபுஷ்பத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன், கண்ணாடி எடுக்கச் சோம்பல் என்று சொல்லிக்கொண்டு.

சங்கரி பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறீர்கள் என்றாள். சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்து என்னைத் திரை முன் உட்காரவைத்தாள். படத்துக்கு அடியில் வருகிற தேதிக் கட்டத்தை ஒவ்வொரு நிறமாக மாற்றி, எந்தக் கண்ணுக்கு எது தெரிகிறது என்று கேட்டாள். வெளிர் நீலம் போனது. ஆரஞ்சு போனது. கறுப்பு இரண்டு கண்ணுக்கும் நின்றது. ஒரு மணி நேரம். நடுவில் மூன்று முறை மணி அடித்தது, இருவரும் எழுந்து குருவம்மாவின் கொடியைப் பார்த்தோம்.

"இடது கண்ணுக்கு எப்ப ஆபரேஷன்?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் என்றேன். அதுவரை அந்தக் கண் எனக்குச் சோதனைக்கு வேண்டும் என்றாள். சிரிக்கவில்லை, ஆனால் மருந்து விட்டபோது என் மோவாயைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

பன்னிரண்டு படத்தின் புரூஃபும் வந்தது. தங்கபுஷ்பம் பழக்கத்தில் ஜன்னலோரம் பாயை விரித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தே தெரிந்தது. இப்போது வலது கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. லட்சுமி முகம் தெளிந்துவிட்டது, பதினொன்று பழுதில்லை. மீனாட்சியின் கிளியில் மட்டும் பச்சைக்குள் சிவப்பு இரண்டு புள்ளி, அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு, கூடுதலாக ஏறியிருக்கிறது. கிளி பழுத்த இலை மாதிரி இருக்கிறது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

சங்கரி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுந்து போய் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் தூரமாகப் பார்த்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். மீனாட்சியிடம் நின்றாள். தாண்டிப் போனாள். மறுபடி மீனாட்சியிடம் வந்தாள்.

என் பக்கம் திரும்பினாள். நான் எங்கேயும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. போனை எடுத்தாள்.

"முதலாளி, கிளியில மட்டும் சிவப்பு ரெண்டு கூடிருச்சு. குறைச்சு அனுப்புறேன். மத்த பதினொண்ணும் ஏத்திரலாம்."

அந்தப் பக்கத்தில் அவர் கேட்டது எனக்கே கேட்டது. அக்கா பார்த்தாச்சா என்றார்.

"நான் பாத்துட்டேன்" என்றாள் சங்கரி.

பிறகு போனுக்குள் அவர் யாரையோ கூப்பிட்டு மெஷினைப் போடச் சொன்னார்.